பிரின்சியின் முதல் பாவசங்கீர்த்தனம்

நவம்பர் 24, ஞாயிறு

ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன குழந்தை எங்கே இருக்கும்? இன்று ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பிரின்சி கேட்டாள். எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் தெரிந்திருக்கப் போவதில்லை.

காலையிலிருந்து புகைமூட்டம், தொண்டைக் கரகரப்பு. ஹார்பர் லைனில் மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயில் நிறுத்தம். செம்பூரிலிருந்து சயன் வரை ஆட்டோ, பிறகு தாராவிக்குள் நடை. வகுப்புக்கு நானே தாமதம்.

புதுநன்மைக்கு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, இன்னும் இரண்டு வாரம். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, பிள்ளைகள் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முதல் பாவசங்கீர்த்தனம். அப்போது சொல்ல வேண்டிய மனஸ்தாப மந்திரம் பலருக்கு முழுதாக வரவில்லை. பாதிப் பேர் அதை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். மனஸ்தாபம் என்றால் என்ன என்று ரோஷன் கேட்டான். வருத்தம் என்றேன்.

"ஸாரி மாதிரியா டீச்சர்?"

ஸாரி மாதிரிதான்.

"அப்ப ஸாரின்னே சொல்லிரலாம்ல. காலிபீலி, சும்மா இவ்ளோ பெருசா எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிரின்சி மட்டும் மந்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை பிசகாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான், மற்றவர்கள் போன பின், அந்தக் கேள்வி.

வாங்க: மெழுகுவர்த்தி (போன வருஷத்தது வளைந்துவிட்டது), குண்டூசி, காப்பித்தூள். ஃப்ரிட்ஜ்காரருக்கு மறுபடி போன்.

நவம்பர் 26, செவ்வாய்

கல்லூரியில் பிராக்டிகல். மாணவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டும் காணாமல் இருந்தேன்.

பிரின்சிக்கு ஒன்பது வயது. அப்பா அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில், ஞாயிறு மட்டும் வீடு. அம்மா செல்வராணி வீட்டிலேயே பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். அக்டோபரில் ஒரு தம்பி பிறந்தான். குறைமாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாட்களில் போய்விட்டான். பெயர்கூட முடிவாகவில்லை. ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸை ஒட்டி வைத்திருந்தார்கள். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய தாய்மாமனுக்கு வள்ளியூரிலிருந்து வர அப்போதுதான் டிக்கெட் கிடைத்தது.

துக்கத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்றுவிட்டு வந்தேன். உள்ளே நிற்க இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் உள்ளே போய் என்ன சொல்லியிருப்பேன்?

ஐந்து வருஷமாக இந்த வகுப்பு. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டது. நான் நம்புகிறேனா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் பங்குக் கோயிலில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு; அந்தத் தகுதியே போதுமாக இருந்தது.

நெட்டில் தேடினேன். என் சிறுவயது ஞானோபதேசப் புத்தகத்தில் இத்தகைய குழந்தைகளுக்கென்று ஓர் இடம் இருந்தது. துன்பமும் இல்லை, மோட்சமும் இல்லை. இப்போது அந்த இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூடிவிட்டார்கள் போல. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதியவர் இல்லை.

நவம்பர் 30, சனி

மாலை பிரின்சி வீட்டுக்குப் போனேன். புதுநன்மை உடை தயாரா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். ஏணி மாதிரிப் படி, மேலே ஒரே அறை. தையல் மெஷின், கட்டு கட்டாகப் பைகள். மெஷினுக்கு மேல் ஆணியில் வெள்ளை கவுன் பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது.

செல்வராணி மெஷினை நிறுத்திவிட்டு டீ வாங்கிவர ஓடினாள். வேண்டாம் என்றது காதில் விழவில்லை. திரும்பி வந்ததும் பேச ஆரம்பித்தாள். குழந்தை இறந்த அன்று பாண்டுப்பிலிருந்து நாத்தனார் வந்தாளாம். அத்தனை பேர் முன்னால், ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மோட்சம் கிடையாது, இதுகூடத் தெரியாமல் மாமன் வரட்டும் என்று வைத்திருந்தாயே என்றாளாம். பிரின்சியும் பக்கத்தில்தான் இருந்தாளாம்.

"ஃபாதர் வந்து ஜெபம் பண்ணுனாவ. ஆனா அவன் எங்கன இருக்கான்னு சொல்லல. நீங்க படிச்சவிய. நீங்க சொல்லுங்க டீச்சர்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. கடவுளிடம்தான் இருப்பான் என்று முனகினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். திங்களன்று சரக்குக் கொடுக்க வேண்டுமாம்.

மெயின் ரோடு வரை பிரின்சி வழிகாட்ட வந்தாள். எனக்கு வழி தெரியும், அது அவளுக்கும் தெரியும். சந்தில் எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே பேசினாள்.

"நான் தம்பி பக்கத்துலதான் இருந்தேன் டீச்சர். அம்மா தண்ணி புடிக்கப் போயிருந்தாவ. அவன் மூச்சு ஒரு மாதிரி ஆச்சு. ஒதடு நீலமா ஆயிருச்சு. பாட்டில்ல தண்ணி இருந்துச்சு. எனக்கு ஜெபம் தெரியும்."

நின்றுவிட்டேன்.

"தலையில தண்ணி பட்டா சளி புடிக்கும்னு அம்மா சொல்லிருந்தாவ. அதான் ஊத்தல. அம்மாவ கூப்புட ஓடிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே குழந்தை போய்விட்டது.

நீ செய்ததுதான் சரி, அம்மாவைக் கூப்பிட்டதுதான் சரி என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப் போகிறாளாம்.

ஜூலையில் நான் நடத்திய பாடம். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் அந்த வார்த்தைகளும் போதும். பரீட்சைக்கு நிச்சயம் வரும் கேள்வி. மனப்பாடம் வேண்டாம், செய்து பார்க்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பொம்மை கொண்டுபோயிருந்தேன். ரோஷன் பாட்டில் முழுவதையும் கவிழ்த்து வகுப்பறையை நனைத்தான். பிரின்சி பொம்மையின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, மூன்று முறை, நெற்றியில் மட்டும் பட ஊற்றினாள். எல்லாரும் அவளைப் போலச் செய்யுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்றைய பாடம்: பாவம் என்றால் என்ன. தள்ளிப்போட வழியில்லை, இதுதான் கடைசி வகுப்பு. தப்பு என்று தெரிந்து, வேண்டுமென்றே செய்தால்தான் பாவம் என்று அழுத்திச் சொன்னேன். "வேண்டுமென்றே" என்பதைப் போர்டில் எழுதிக் கோடு போட்டேன். பிரின்சி கை தூக்கினாள். பூசையில் "கடமையில் தவறியதாலும்" என்று சொல்லி நெஞ்சில் தட்டிக்கொள்கிறோமே, அது செய்யாமல் விட்டதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ரோஷனுக்கு வேறு கவலை. சொல்லப் பாவம் போதவில்லையாம். அண்ணனுடையதில் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளலாமா?

வகுப்பு முடிந்து பிரின்சியைத் தனியாக நிறுத்தினேன். தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன். தம்பி மோட்சத்தில்தான் இருக்கிறான் என்றேன்.

"நெசமாவா? ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

தெரியும் என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் அதைவிட அதிகம் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. "சரி டீச்சர்" என்று என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

பாடம் நடத்துபவளுக்குப் பொய் சொல்லவும் வர வேண்டும். எனக்கு வரவில்லை. இது நேர்மையா, கோழைத்தனமா?

டிசம்பர் 4, புதன்

கல்லூரி முடிந்து மாட்டுங்காவில் இறங்கிக் காப்பித்தூள். அங்கிருந்து பஸ்ஸில் கோயிலுக்கு. ஃபாதர் அமல் கிறிஸ்துமஸ் குடில் போடும் பையன்களோடு வைக்கோல் சண்டையில் இருந்தார். போன வருஷ வைக்கோலில் எலி.

அலுவலக அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றுதான் பிரின்சி கேட்டாள். ஃபாதரிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை. வக்கீல் வாதம், தெரியும்.

ஃபாதர் நல்லவர். நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"அந்தக் குழந்தைகளைக் கடவுளோட இரக்கத்துக்கு ஒப்படைக்கிறோம்னுதான் திருச்சபை சொல்லுது டீச்சர். அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

"ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அப்படிச் சொன்னா, தபால்ல போட்டாச்சு, போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியாதுன்னுதான் ஃபாதர் புரியும்."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கும் வேறு வழியில்லை என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை அவள் வந்து இதைச் சொன்னால், இது பாவமே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை, நீங்கள் சொன்னால் எடுபடும். அது நிச்சயமாகப் பாவம் இல்லைதான், அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஏதோ ஒரு காரியம் செய்த மாதிரி இருந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

ஒத்திகை. கைகூப்பி நடப்பது, முழந்தாளிடுவது, நாக்கை நீட்டுவது. நாக்கை நீட்டச் சொன்னால் சிரிக்காத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. முக்காடுகள் இரண்டு குறைகின்றன. ரோஷனின் ஷூ அண்ணனுடையது, நடக்கும்போது கழன்று வருகிறது. பேப்பர் திணிக்கச் சொன்னேன்.

நாளை இரண்டு குருக்கள். தமிழில் சொல்பவர்களுக்கு ஃபாதர் அமல். ஹிந்தி, மராட்டி, இங்கிலீஷுக்கு வசாயிலிருந்து ஒருவர் வருகிறார். பிள்ளைகள் அதற்குள் அவருக்கு மராட்டி ஃபாதர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரின்சியிடம், நீ ஃபாதர் அமலிடம் போ என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

"டீச்சர், நீங்களும் நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். வரிசையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றேன். இந்தப் பதிலை எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

ஃப்ரிட்ஜ்காரர் வரவில்லை. பால் திரிந்துவிட்டது.

நாளை இந்நேரம் பிரின்சிக்கு அந்தப் பாரம் இறங்கியிருக்கும். ஃபாதர் வாயால் கேட்டால் நம்புவாள். நம்பத் தெரிந்தவள்.

டிசம்பர் 7, சனி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெயில். நாலு மணிக்கு ஆரம்பம். தமிழ் வரிசை இடது பக்கம், மற்றது வலது பக்கம். நான் நடு பெஞ்சில். ரோஷன் முதலில் போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். பெற்றோர் வெளியே வராண்டாவில். செல்வராணி கவுன் மடிப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பிரின்சி ஃபாதர் அமலிடம் போனாள். மற்றவர்களைவிட அதிக நேரம். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னாள்.

"ஃபாதரும் பாவம் இல்லன்னுதான் சொன்னாவ."

பார்த்தாயா என்றேன். மனசு லேசாயிற்று, எனக்கு.

"பாவம் இல்லன்னா அதுக்கு மன்னிப்பு கெடையாதா டீச்சர்?"

பீடத்தில் பூ வைப்பவர் வாளியை இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் நிற்கும் வரை யோசித்தேன். மன்னிப்பு வாங்கத்தான் அவள் மந்திரத்தைப் பிசகாமல் படித்து வந்திருக்கிறாள். வாங்க முடியாதபடி நான்தான் புதன்கிழமை ஏற்பாடு செய்துவிட்டு, பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

"மன்னிக்க வேண்டியது அதுல ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"ஆங்" என்றாள்.

எழுந்தாள். வலது பக்க வரிசையில் கடைசியில் போய் நின்றாள். ஒரே நாளில் இரண்டு முறை போகக் கூடாது என்று அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. கூப்பிடவில்லை.

மராட்டி ஃபாதரிடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்து முதல் பெஞ்சில் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணி ஜெபித்தாள். பிறகு என்னிடம் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"ஹிந்தியில சொன்னேன் டீச்சர். டீச்சர் சொல்லித் தந்தத நான் செய்யலன்னு. தம்பிய பத்தி ஒண்ணும் சொல்லல."

மன்னிப்புக் கொடுத்துவிட்டாராம். அபராதம் ஐந்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். இனிமேல் டீச்சர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்றாராம். நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.