பீடத்தில் உன் படம்

அன்புள்ள அம்மாவுக்கு, யாரெட்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சித்தி தூங்கிவிட்டாள். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே சிகாகோவில், எங்கள் தெருக் கலைக்கூடத்தில், இறந்தோர் நாளுக்கு, செத்தவர்களின் படங்களை வைத்துப் படைக்கும் பீடம் வைத்தோம். இந்த வருடப் பீடம் முழுக்கக் கலர் பல்பும் உடைந்த ஸ்கேட் பலகைகளும்தான். காகிதச் சாமந்தி வெட்டியது நான். நடுவில் பார்த்தால் உன் படம், புது நீலச் சட்டையோடு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெரேயோ அண்ணே, எங்கம்மா ஞாயித்துக்கிழமைகூட போன்ல திட்டுச்சு. உயிரோட இருக்கறவங்களையா இங்க வைப்பீங்க?"

ஓவியர் நெரேயோ திகைத்துச் சித்தியைப் பார்த்தார். அவள் என்னை வெளியே இழுத்தாள்.

"வாய மூடுடி! உங்கம்மா செத்துட்டான்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துதான் உன்னைத் தத்துக் கேட்டிருக்கேன். தெரிஞ்சா உன்னை ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. படத்தை அனுப்பினதே உங்கம்மாதான்."

நீயா அம்மா? அந்தச் சட்டை இதற்காகவா?

பயத்தில் உள்ளே திரும்பி, எல்லோரும் பார்க்க, செத்தவர்களுக்கு வைப்பதுபோல உன் தாகத்துக்கென்று தண்ணீர்க் குவளையை நானே வைத்தேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை அனுப்பு. அனுப்புநர் இடத்தில் சித்தி எழுதச் சொல்லும் வேறு பெயர் வேண்டாம். உன் பெயரை, உன் கையெழுத்தில், முழுதாக எழுது.

சித்தி இருமுகிறாள். விளக்கை அணைக்கிறேன்.

உன் மகள்தான்,
யாரெட்சி