தமிழில் எழுதிய சீட்டு

அக்கா,

இன்று பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் ஒரு படச் சுருளைப் பிரித்தார். பிளாஸ்டிக் பூசிய பெண் உடம்புப் படங்கள். இன்னும் யாரும் தொடாததால் புது ரெயின்கோட் மாதிரி ஒரு வாசனை வகுப்பு முழுக்கப் பரவியது. மற்றவர்கள் படத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் துணிப்பையிலிருந்து வந்த அதே வாசனை.

டீச்சர் போர்ட் பிளேயரில் பத்து நாள் டிரெயினிங் முடித்து வந்திருக்கிறார். நீங்கள் போன அதே டிரெயினிங்காகத்தான் இருக்க வேண்டும். "முதல்ல எல்லாரும் நல்லாச் சிரிச்சு முடிங்க, அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று ஹிந்தியில் சொன்னார். நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். நான் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். அழுதால் எல்லோரும் வேறு ஏதோ நினைப்பார்கள் என்று பயம்.

பூகோள நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். அம்மாவும் தங்கச்சியும் தூங்குகிறார்கள். டார்ச்சைப் போர்வைக்குள் வைத்திருக்கிறேன். அப்பா எழுந்தால் வரைபடம் போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் இறந்துபோன செய்தி போன மாதம் கப்பலில் வந்தது. அடுத்த வீட்டுப் பெங்காலி அத்தை, காகிமா, போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே மின்னி பேயில் யார் வீட்டிலோ வேலை செய்தீர்களாம், காய்ச்சலாம், நாலு நாள்தானாம். காகிமா இதைச் சொன்னபோது "அந்தப் பொம்பளை" என்றுதான் உங்களைச் சொன்னார்.

சுனாமிக்குப் பிறகு ஹட் பேயில் போட்ட அந்தத் தகர ஷெல்டர்களை இப்போது பிரித்துவிட்டார்கள். சர்க்கார் மேட்டில் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு நாங்கள் வந்துவிட்டோம், உயரமான கால்களின் மேல் நிற்கும் வீடு. ஆனாலும் உங்களை நினைத்தால் அந்தத் தகர வரிசைதான் வருகிறது. எங்கள் அறைக்கு அடுத்த அறை உங்களுடையது. நடுவில் ஒரே ஒரு தகரம். "லயத்துல பொறந்து லயத்துலயே வந்து நிக்கிறேன்" என்று முதல் நாள் அம்மாவிடம் சொன்னீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்ததையும், கடல் உங்கள் வீட்டையும் வீட்டில் இருந்த இரண்டு பேரையும் கொண்டுபோனதையும் அந்த ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

ஷெல்டரில் வயசுப் பெண்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று நிவாரண ஆபீஸிலிருந்து வந்து கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. உங்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள், "என்னதான் சொல்லிக் குடுத்தாங்க பத்து நாளும்?"

"பாதி வெளங்குச்சு அக்கா. எல்லாம் ஹிந்தி. சிரிக்காம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து அந்தந்த வார்த்தையச் சொல்லணும். நான் மூணு நாள் தரையப் பாத்தே சொன்னேன். நாலாம் நாள் அந்த மேடம் தரையில வந்து உக்காந்துக்கிட்டாங்க."

கொண்டுவந்த புத்தகமும் ஹிந்தி. உங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி, அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ். அதனால் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் உங்களுக்குப் புத்தகத்தைப் படித்துச் சொன்னேன். ஆனால் தகரத்தின் வழியாக ஒருவர் கொட்டாவி விட்டாலும் நாலு அறைக்குக் கேட்கும். நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். "மழ வரட்டும் புள்ள, அப்பப் படிப்போம்." தகரத்தின் மேல் மழை விழும்போது நாம் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. நம் தீவில் மழைக்கா பஞ்சம்? நான் படிக்கப் படிக்க நீங்கள் அடுப்பைப் பார்த்துத் தமிழில் திருப்பிச் சொல்வீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். நான் வேண்டுமென்றே கோணல் கேள்வியாகக் கேட்பேன், நீங்கள் முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டும். அதுவும் டிரெயினிங்கில் ஒரு பயிற்சி என்றீர்கள்.

ஒருநாள் மழை குழாயை மூடினது போல் சட்டென்று நின்றுவிட்டது. அதே நொடியில் "மாதவிடாய்!" என்று நீங்கள் போட்ட சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. எங்கும் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. அப்புறம் அடுத்த அறையிலிருந்து அம்மா, "ஏன்டி, அத ஊருக்கே சொல்லணுமா?" என்றாள்.

"ஊருக்குச் சொல்லத்தானே அக்கா அனுப்பியிருக்காங்க!"

வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகக் கொட்டகையில் வகுப்பு. பதினோரு பேர். பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள், தமிழ்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர். உங்கள் ஹிந்தியைக் கேட்டு முதல் வாரம் உருண்டு உருண்டு சிரித்தார்கள். 'எல்லாரும் கேளுங்க' என்பதற்கு "தும் லோக் எல்லாரும் சுனோ" என்று தமிழைக் கலந்து ஆரம்பிப்பீர்கள். இரண்டாம் வாரம் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மாதத் துணியைப் பாய்க்கு அடியில் ஈரமாகவே ஒளித்து வைத்துப் புண்ணாகி அவதிப்பட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் கொட்டகைக்குப் பின்னால் நல்ல வெயிலில் ஒரு கயிறு கட்டி முதலில் உங்கள் துணியைக் காயப்போட்டீர்கள். மறுவாரம் கயிற்றில் இடம் இல்லை. எந்த நோய் எப்படி வரும், எப்படி வராது என்று சொன்னீர்கள். ஒருவர் தொடுவது பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்றும் சொன்னீர்கள். "வேணாம்னா வேணாம். எதுக்கு வேணாம்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல."

வாயால் கேட்க வெட்கப்படுகிறவர்களுக்காக நிவாரணத்தில் வந்த பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு வைத்தீர்கள். பெயர் எழுதாமல் கேள்வியைப் போடலாம். சீட்டுகள் எல்லாம் ஹிந்தியில் வரும். வகுப்புக்கு முன்னால் உங்கள் அறையில் நான் படித்துச் சொல்வேன். படித்ததும் ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டுவிடுவீர்கள். எனக்கு எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். "ஒன் கண்ணத்தான் கடன் கேட்டேன், வாயக் கேக்கல" என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நானும் ஒருத்தியைப் பற்றியும் வெளியில் சொன்னதில்லை. அந்த ஒரு காரியத்தில் மட்டும் நான் நல்லபடியாக நடந்துகொண்டேன்.

பிறகு நான் ஒரு சீட்டுப் போட்டேன்.

ஹிந்தியில் எழுதியிருந்தால் அதை நானே உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தமிழில் எழுதினேன். மற்ற தமிழ்ப் பெண்களுக்குப் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கொட்டகையில் நீங்களும் நானும்தான். பெயர் போடாமல் பெயர் போட்டுவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

"வீட்டுக்கு வரும் ஒருவர் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை வைக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் எங்கள் வீட்டுக்குக் கெடுதல் வருமா?"

அவ்வளவுதான் எழுதினேன். நீங்கள் அதைப் பிரித்து மனசுக்குள் படித்தீர்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இதை மட்டும் அதில் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "இந்த மாதிரி ஒண்ணு வந்தா தனியா முடிவு பண்ணக் கூடாது, மேடத்தக் கேக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்று அடுப்பிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படச் சுருளுக்குள் செருகிக்கொண்டீர்கள். அன்று வகுப்பில் எல்லோரையும் பார்த்துச் சொன்னீர்கள், தப்பு செய்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும் என்று. சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் என் குடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் கேக்கணுமா புள்ள?" என்றீர்கள். இல்லை என்றேன். "சரி. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு."

அந்த நாளை வருவதற்குள் ஊர்த் தலைவர் பிரதானும் நாலைந்து ஆண்களும் வந்துவிட்டார்கள். ஒரு பெண் படங்களைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறாள். கொட்டகையில் எல்லோர் முன்னாலும் உங்கள் படச் சுருளைப் பிரித்தார்கள். சீட்டு கீழே விழுந்தது. பிரதானுக்குத் தமிழ் தெரியாது. "அண்ணே, இது உங்க பாஷை, படிங்க" என்று அப்பாவை ஹிந்தியில் கூப்பிட்டார்.

அப்பா அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். முதலில் தமிழில், பிறகு ஹிந்தியில். படித்து முடித்ததும் என்னைத் தேடினார். அவருக்குப் பின்னால் பாக்கு மென்றுகொண்டு அந்தக் காண்ட்ராக்டர் மாமா நின்றார், அப்பாவுக்கு வேலை கொடுத்தவர். அவர் வாய் அசைவது நின்றுவிட்டது. என் கேள்வியில் இருந்த ஆள் அவர்தான்.

"இத நீ எழுதுனியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அக்கா எழுதுனது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். நான் கோணல் கேள்வி கேட்கும்போது முகம் மாறாமல் பார்ப்பீர்களே, அப்படிப் பார்த்தீர்கள். "ஆமாங்க, நான்தான் எழுதுனேன். பாடத்துக்கு ஒரு மாதிரிக் கேள்வி" என்றீர்கள்.

"புருஷன் இல்லாத வீட்டுக்கு யாரு வந்து பக்கத்துல உக்கார்றது?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். ஆண்கள் சிரித்தார்கள். காண்ட்ராக்டர் மாமாவும் சிரித்தார். பிரதான் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். ஆபீஸுக்குக் கடிதம் போனது. இப்படிப்பட்ட பெண் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவும் போட்டார்.

ஷெல்டரைக் காலி செய்து நீங்கள் கப்பலுக்குக் கிளம்பின காலையில் எங்கள் அறை வாசலில் வந்து நின்றீர்கள். நான் காய்ச்சல் என்று முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. "புள்ளயப் பாத்துக்குங்க அக்கா" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். கொஞ்சம் நின்று மறுபடியும் அதையே சொன்னீர்கள். அம்மா "ம்" என்றாள்.

கொட்டகையில் தன் காரியம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பிறகு காண்ட்ராக்டர் மாமா என் பக்கம் வருவதில்லை. நீங்கள் வாங்கிக்கொண்ட அவமானத்தில் நான் நிம்மதியாக இருந்தேன். இரண்டு வருஷம் இருந்தேன் அக்கா. போன வாரம் அவர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். "இங்க வா, மாமா பக்கத்துல உக்காரு" என்று தங்கச்சியைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒன்பது வயசு. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். பிஸ்கட் கிடைக்கவில்லை என்று அவள் என்னைக் கிள்ளினாள்.

இன்று வகுப்பு முடிந்து வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சீட்டு என்னுடையது என்றேன், யாரைப் பற்றி என்றும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"ஒனக்கு எழுதக் கத்துக் குடுத்தவளுக்கு ஒன் எழுத்து தெரியாதா? அப்பா கையில இருக்கும்போதே பாத்தேன்."

"அப்ப ஏம்மா பேசல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பேசுனா நாலு பேரு முன்னாடி ஒன் பேரு கெட்டுப்போகும். அப்பாவுக்கு வேலை போகும். என்னமோ நெனச்சேன்டி. அவ ஏத்துக்கிட்டா. நான் விட்டுட்டேன்." கையில் ஒட்டிய செதிலைச் சுரண்டினாள். பிறகு, "கடைசியில என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளாமா? காகிமாகிட்ட கேட்டியா?" என்றாள். நான் கத்தியை எடுத்து மீதி மீனை ஆய்ந்தேன்.

நாளைக்குக் காண்ட்ராக்டர் மாமா சாப்பிட வருவதாக இருக்கிறது. இந்த வீட்டுப் படி அவன் ஏற மாட்டான், நான் கீழேயே நிற்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நிற்பாள் என்றுதான் நினைக்கிறேன். காலையில் அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் அடிப்பார் என்பதைவிட, கையெழுத்துப் போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம் காகிமாவிடம், அவர் வழியாக எல்லோரிடமும். அவர்களுக்கு ஹிந்தியில்தான் சொல்ல வேண்டும். 'வோ சிட்டி மைனே லிகீ தீ.' அந்தச் சீட்டை எழுதியது நான். அக்கா இல்லை, நான். போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை முழுசாக வந்தது.

நீங்கள் உயிரோடு இருந்து நாளைய கப்பலில் வந்து இறங்கினால், என்னால் இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. நீங்கள் இல்லாததால்தான் எனக்குத் தைரியம் வருகிறது. இந்த வெட்கத்தைத்தான் அக்கா, அப்பாவிடம் சொன்ன பிறகும், ஊருக்கே சொன்ன பிறகும், நான் வைத்துக்கொண்டு இருக்கப் போகிறேன்.