ஐந்து நாளைக்கு மட்டும்

சண்டை பிடிக்க எனக்கு ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் மாமிக்கு,

நாளை மறுநாள் உங்கள் திவசம். வாழைக்காயும் கத்தரிக்காயும் வாங்கியாயிற்று. உங்களுக்குப் பிடிக்காத பூசணிக்காயை இந்த வருசமும் தொடவில்லை. உங்கள் மகன் வழக்கம்போல எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு ஸ்டேசனுக்கு மூட்டை இறக்கப் போய்விட்டார். நீங்கள் இருந்திருந்தால், "என்ரை பெடியனைக் குறை சொல்லாட்டி உனக்குச் சோறு செமிக்காதே?" என்று கேட்டிருப்பீர்கள். கேளுங்கள் மாமி. அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

ஆனால் திவசத்துக்காக இதை எழுதவில்லை. நேற்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைச் சொல்லவேண்டும். உங்களுக்கு நடந்த கதைதான். என் பக்கத்தை மட்டும் நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நாங்கள் மூவரும் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வவுனியாவில் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? ஊரில் இருந்த காணித்துண்டை உங்கள் மகள், என் மச்சாளின் சீதனத்துக்குக் கொடுத்துவிட்டு, மகனோடு வந்துவிட்டீர்கள். ரெயில் சாமான் கொட்டிலில் அவருக்குக் கூலி வேலை. அந்தக் கூலிக்குள் ஒரு வாடகை அறை தேடி எத்தனை படலை தட்டினோம்! "எந்த ஊர்?" என்று தொடங்குவார்கள். பிறகு "ஊரிலை எந்தப் பக்கம்?" பிறகு "எந்தக் கோயிலடி?" அந்தக் கேள்விகளுக்குள் எந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறதென்று கேட்டவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முகத்தைப் பார்த்துக்கொண்டே சாதியை மணந்து பார்க்கிற மூக்குகள். தூ!

அதிலே தப்பினாலும் உங்கள் இருமல் இருந்தது. இருமலைக் கேட்டதும் படலை சாத்தப்படும். அதனால் உங்களைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருத்திவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் வீடு கேட்கப் போனோம். "நானென்ன கள்ளச் சாமானோ, ஒளிச்சு வைக்கிறதுக்கு?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படித்தான் பென்சனியர் வீட்டுப் பின்பக்கத்துப் பத்தி கிடைத்தது. அவர் கந்தோரில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். தன் வீட்டுச் சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கி, தகரம் போட்டு, அதற்கு வீடு என்று பெயரும் வைத்திருந்தார். மத்தியானத்தில் உள்ளே இருந்தால் தலை வெந்துவிடும். கிணற்றில் அவர்கள் எல்லோரும் குளித்து முடித்த பிறகுதான் நாங்கள் அள்ளலாம், அதுவும் எங்கள் சொந்தக் கயிற்றில். கருவாடு பொரித்தால் அவருடைய பெண்சாதிக்கு ஓங்காளிக்குமாம். ஆனாலும் மனிசன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எதையும் பல்லைக் காட்டிக்கொண்டு, "குறை நினையாதையுங்கோ" என்றுதான் சொல்வார். எனக்கு அந்த மரியாதைதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

மூன்றாம் நாளே உங்கள் இருமலைக் கேட்டுவிட்டு என்னிடம் விசாரித்தார். "சும்மா தடிமன் ஐயா" என்றேன். இரண்டு வருசமாக அதையே சொன்னேன்.

பிறகு அந்தப் பங்குனி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ" என்றார்கள். அதன் அர்த்தம் எங்களுக்கு விளங்கியது. பென்சனியருக்கு எங்களைவிட வேகமாக விளங்கியது. அடுத்தநாள் காலை அவர் மூக்குக்கண்ணாடியும் பஞ்சாங்கமுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். உங்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, குறை நினையாதையுங்கோ. இண்டைக்குப் பின்னேரம் அவிட்டம் பிறக்குது. ரேவதி முடியுமட்டும் பஞ்சமி. அந்த அஞ்சு நாளுக்கை அம்மாவுக்கு ஏதும் எண்டால், ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப்போட்டு நாங்கள் வெளிக்கிடவேணும். வைகாசியிலை மகளின்ரை கலியாணம்."

"ஐயா, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் உங்கள் மகன்.

"நான் உங்களை அறையை விட்டு எழும்பச் சொல்லேல்லை. அஞ்சு நாளைக்கு மட்டும் அவாவை வேறை எங்கையேன் வைச்சிருங்கோ. பிறகு தாராளமாய்க் கொண்டுவாங்கோ. அறை உங்கடைதானே."

ஐந்து நாளைக்கு மட்டும்! உயிர் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனுசியை, மழைக்கு ஒதுக்கி வைக்கிற நெல்மூட்டை மாதிரி. உங்கள் மகன் "ஓமய்யா" என்றார். அவரைத் திட்டாதீர்கள் மாமி. எதிர்த்துப் பேசினால் அந்தத் தகரமும் இல்லாமல் போய்விடும் என்ற பயம். அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதுதான் நான் உங்களிடம் மறைத்தது. யாரும் என் தலையைப் பிடித்து ஆட்டவில்லை. அது தானாகத்தான் ஆடியது.

அந்த முற்பகல் முழுக்க அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வீடு தேடினோம். ஐந்து நாளைக்கு ஒரு மூலை போதும் என்று கெஞ்சினேன். ஒரு வீட்டில் தண்ணி தந்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, கோவியாதை. எங்கடை வீட்டிலையும் அதே பஞ்சாங்கந்தானே தொங்குது" என்றா. வேண்டாத பிள்ளை பிறக்கிற நேரத்தில்கூட இந்த உலகத்தில் யாராவது கொஞ்சம் இடம் தருவார்கள். சாகிறதற்கு இடம் கேட்டால் ஒரு பட்டினமே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கடைசியில் இடம் தந்தவர், விறகு வெட்டி விற்கிற விறகுகாலை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், எங்கள் நானாதான். அவரும் ஓடிவந்து ஆறுதல் சொல்லவில்லை. கோடாலியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "பின்னுக்கு ஒரு கொட்டில் இருக்கு. மழை வந்தா ஒழுகும். அதுக்குப் பிறகு எங்கிட்ட வந்து கத்தக்கூடாது." நான் பஞ்சமி விசயத்தையும் மறைக்காமல் சொன்னேன். "அது உங்கட கணக்கு. எங்களுக்கு எல்லா நாளும் அல்லா தந்த நாள்தான். உம்மாவைக் கொண்டாங்க, வெயில் ஏறுது" என்றார்.

உங்களை வண்டிலில் ஏற்றியபோது, "எங்கை பிள்ளை கொண்டுபோறியள்?" என்று கேட்டீர்கள். "ஆஸ்பத்திரிக்கு மாமி" என்றேன். "அப்ப நான் தண்ணி குடிக்கிற என்ரை மூக்குப்பேணியை எடுத்துவா. குசினி மூலையிலை கிடக்கு. அதை இவையளுக்கு விட்டிட்டுப் போகேலாது" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாமானைக் கட்டுவார்களா? உங்களுக்கு அப்போதே தெரியும். எனக்காகத் தெரியாதமாதிரிக் கிடந்தீர்கள்.

விறகுகாலையில் இறக்கினோம். சுற்றிவரப் பாலை விறகும் முதிரை விறகும் அடுக்கிக் கிடந்தன. நீங்கள் கண்ணைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையடி. நேரை விறகுக்கையே கொண்டுவந்திட்டியள். சுமக்கிற வேலை மிச்சம்" என்றீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நானா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

பென்சனியர் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அவிட்டம் போனது, சதயம் போனது. ஒவ்வொரு நாளும் அரைப் பேணி கஞ்சி குடித்தீர்கள். ரேவதியும் போய், ஆறாம் நாள் இரவு, ஒரு குற்றமும் இல்லாத அச்சுவினியில்தான் கண்ணை மூடினீர்கள். அந்தத் தகரத்துக்குக் கீழேயே கிடந்திருந்தாலும் அவருக்கு ஒரு கேடும் வந்திராது.

செத்தவீடு என்று சொல்கிறோமே, உங்களுக்கு வீடே இல்லாமல் செத்தவீடு நடந்தது. பென்சனியரும் வெள்ளைச் சால்வையோடு வந்தார். "நல்ல நாளிலை போயிருக்கிறா. புண்ணியம் செய்த சீவன்" என்றார். போகிறபோது என் பக்கம் குனிந்து, "சாவுத் துடக்குக் கழிஞ்ச உடனை வாங்கோ பிள்ளை. அறையைக் கழுவி வைச்சிருக்கிறன்" என்றார். கழுவி! நீங்கள் படுத்த இடத்தை உயிரோடு இருக்கும்போதே கழுவிவிட்டார்கள். நான் காறித் துப்பினேன் மாமி. அவர் முகத்தில் இல்லை, பக்கத்தில் கிடந்த மரத்தூளில். அந்த நாளில் என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

அந்த அறைக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை. ஒரு வருசம் நானாவின் கொட்டிலிலேயே இருந்தோம். பிறகு மன்னார் றோட்டுப் பக்கம் கொஞ்சம் காடு வெட்டி, மண்சுவர் வைத்து, கிடுகுக் கூரை போட்டோம். போன மாதம் உங்கள் மகன் பக்கத்தில் ஒரு பத்தியும் இறக்கினார். வாடகைக்கு விட்டால் எங்கள் சின்ன மகளின் படிப்புக்கு உதவும் என்றார். ஆமாம் மாமி, இப்போது நாங்களும் வீட்டுக்காரர்.

நேற்றுப் பின்னேரம் ஒரு பெட்டை வந்தாள். மல்லாவிப் பக்கம். புருசனுக்கு நெல்லு மில்லில் வேலை. எங்கும் வாடகை எட்டவில்லையாம். மெலிந்த முகம், காலெல்லாம் புழுதி. பத்தியைக் காட்டினேன். தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "வடிவாய் இருக்குதக்கா" என்றாள். அந்த நேரம் வேலிக்கு அப்பால் ஓர் இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாலை மரத்தின் கீழ் ஒரு கிழவர், துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

"அது ஆர்?" என்றேன்.

"என்னைப் பெத்த ஐயா. சும்மா தடிமன் அக்கா."

என் சொந்தப் பொய் என்னிடமே வாடகைக்கு வந்து நின்றது. அந்தக் கணமே நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "குறை நினையாதை பிள்ளை. இவரைக் கேட்டுத்தான் சொல்லவேணும். நாளைக்கு வா." பென்சனியரின் அதே சொல், அதே குரல், அதே பல்லும்தான். அவள் படலையைத் தாண்டமுன்பே என் கண் சுவரில் தொங்குகிற பஞ்சாங்கத்துக்குப் போய்விட்டது.

இராப்பகலாக அந்த மனிசனை வைதேனே, மாமி. அவரை எங்கே தேடினேன், அவர் எங்கே இருந்தார்! ஒரு பத்தி இறக்கினாலே உள்ளுக்குள் ஒரு பென்சனியரும் வந்து குடியேறிவிடுவாரா?

பஞ்சாங்கத்தை அடுப்பில் வைக்கப் போகிறேன் என்று சொல்லமாட்டேன். சின்னவளுக்கு ஏடு தொடக்க நாள் பார்க்கவேண்டும். உங்களுக்குப் பொய் சொல்லி ஒருமுறை பட்டது போதும். அது ஆணியிலேயே தொங்கட்டும்.

விடிய எழும்பிப் பத்தியைப் பெருக்கினேன். கழுவவில்லை. பாய் விரித்துவிட்டேன். குடத்தில் தண்ணி வைத்து, பக்கத்தில் உங்கள் மூக்குப்பேணியைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். உங்களுடையதை அந்தக் கிழவருக்குக் கொடுக்கிறேன் என்று கோபிப்பீர்களா? கோபியுங்கள். கிணற்றில் எங்கள் கயிற்றிலேயே அள்ளச் சொல்வேன். நாளை மறுநாள் உங்கள் படையல் சோற்றில் முதல் கவளம் அவருக்குத்தான்.

அவர் எத்தனை நாள் இருப்பாரோ தெரியாது. எந்த நட்சத்திரத்தில் போவாரோ, அதையும் நான் பார்க்கமாட்டேன். எங்கள் வீட்டைப் பூட்ட வேண்டி வந்தால் பூட்டிவிட்டு, நானாவின் கொட்டிலுக்கு நாங்கள் போவோம். ஆனால் மாமி, என் வாசலில் இருந்து இனி ஒருவரையும் உயிரோடு வண்டிலில் ஏற்றமாட்டேன். இது உங்கள் மூக்குப்பேணி மேல் ஆணை.

படலையில் சத்தம் கேட்கிறது. இருமலும் கேட்கிறது. இந்த முறை மரத்தடியில் விடாமல் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் போய்த் திறக்கிறேன்.

அன்றைக்குத் தலையாட்டிய உங்கள் மருமகள்,
கனகம்