கல்யாணப் பன்றி போன கதை

யோம்பாய், சிம்பு மலை
மார்ச் மாதம், ஞாயிறு பூசை முடிந்து

அன்பு மகன் கவுபாவுக்கு அம்மா மோகியா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சியும் மூச்சும் பேச்சுமாக நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் எனக்கு அதுவே போதும். போன் பேச முகட்டுக்கு ஏற வேண்டும், ஏறினாலும் பாதியில் அறுந்துபோகிறது, அதனால்தான் உன்னோடு திராட்சை பறிக்கக் கடல் தாண்டித் திரும்பி வருகிற சியூனே கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மழை விடாமல் பெய்து சர்க்கரைவள்ளி பாதி அழுகிவிட்டது, மீதி எங்கள் வயிற்றுக்குத் தாங்கும், நீ கவலைப்படாதே. என் பன்றி எப்படி இருக்கிறது என்று மூன்று தடவை போனில் கேட்டாய், மூன்று தடவையும் காது கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். நன்றாகவே கேட்டது. உன் கல்யாணத்தில் பெண்வீட்டுக்குக் கொடுக்கக் குட்டியிலிருந்து நான் வளர்த்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பன்றி இப்போது இல்லை. திருட்டுப் போகவில்லை, நோயில் சாகவில்லை, நானேதான் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன வருஷம் அந்த இருமல் நோய் டவுன் வரைக்கும் வந்துவிட்டது என்று சேதி வந்ததும், மருந்தகத்து சிமியோன் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தான். புகைக்கிறவர்களுக்கு நெஞ்சு ஏற்கெனவே கெட்டிருக்கும், இந்த நோய் வந்தால் அவர்களைத்தான் மோசமாகத் தாக்கும், இப்போதே விடுங்கள் என்று படம் போட்டு எழுதியிருந்தது. நம் ஆம்பளைகள் அதை என்ன செய்தார்கள் தெரியுமா, டவுனிலிருந்து செய்தித்தாள் வருவது நின்றுபோன நேரம், அந்தக் காகிதத்தையே கிழித்துப் புகையிலை சுருட்டி ஊதித் தள்ளிவிட்டார்கள். காகிதம் மெலிசு, நன்றாக எரிகிறது, இன்னும் இருக்கிறதா என்று உன் அப்பா சிமியோனிடமே போய்க் கேட்டார், அந்தப் பிள்ளை அழாத குறை. அதுவும் ஒரே சுருட்டு பத்து வாய்க்குப் போகும், நீட்டினதை வாங்கி ஓர் இழுப்பாவது இழுக்காவிட்டால் பகை என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. நோய்க்கு இதைவிட நல்ல சாலை எவன் போட்டுக் கொடுப்பான். நான் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்காமலும் பார்த்தேன், மனிதர் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஏப்பம் விட்டார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் வேலியோரம் தங்கெட் இலையைப் பறித்து முடிச்சுப் போட்டு, நம் புகையிலைத் தோட்டத்து வாசலிலும், கூரையில் காய்கிற இலைக்கட்டிலும் கட்டிவிட்டேன். தங்கெட் கட்டினதைத் தொட்டால் ஊருக்கு ஒரு பன்றி தண்டம், அது காலங்காலமாக இருக்கிற சட்டம்தான், ஆனால் பெண்டாட்டி புருஷன் தோட்டத்தில் கட்டி யார் பார்த்தது. ஊரே கூடிவிட்டது. உன் அப்பா ஊர் நீதிபதி பொமாய் முன்னால் நின்று, என் தோட்டத்தில் கட்ட இவள் யார் என்று குதித்தார். நானும் விடவில்லை. “கொத்துனது யாரு, நட்டது யாரு, களை எடுத்தது யாரு? இந்த மனுசன் செஞ்சது பத்த வச்சது மட்டுந்தான்” என்றேன். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பொமாய் காதிடுக்கில் தானே ஒரு சுருட்டைச் செருகிக்கொண்டு ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார், கடைசியில் உழைத்தவள் கட்டினது செல்லும், நோய் இந்த மலையை விட்டுப் போகிறவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் ஒன்பது தோட்டத்தில் தங்கெட் தொங்குகிறது, பொமாய் தோட்டத்திலும் அவர் பெண்டாட்டி கட்டியிருந்தாள். முதல் வாரம் உன் அப்பாவோடு மனுஷி இருக்க முடியாது, கோழியோடுகூடச் சண்டை போட்டார், நாள் முழுக்கக் கரும்பைக் கடித்துத் துப்பினார். மூன்றாம் வாரம் முகட்டுக்கு உட்காராமல் ஏறிவிட்டு வந்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உன் சின்னப்பா காண்டே செத்தது உனக்குத் தெரியும், எப்படிச் செத்தார் என்பதைப் போனில் நான் சொல்லவில்லை. அவரும் இங்கே தங்கெட்டை மதித்துத்தான் இருந்தார். கீழ்ப் பள்ளத்தாக்கில் ஒரு துக்கவீட்டுக்குப் போனார், அங்கே தங்கெட் ஏது, மூன்று நாள் அழுகிற வாய்களுக்கு நடுவில் சுருட்டு சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நோயோடுதான் திரும்பினார். ஏற்கெனவே சல்லடையான நெஞ்சு. சாலை இடிந்து கிடந்தது, டவுனுக்குத் தூக்கிப்போக வழியில்லை, உன் அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டு நான் வாயில் துணி கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டேன். ஆறாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணி, ஒண்ணே ஒண்ணு சுருட்டிக் குடுங்க. நீங்க கட்டுனது, நீங்கதான் அவுக்கணும்” என்றார். நான் எவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்று ஊருக்கே தெரியும், அந்த நேரம் என்னால் முடியவில்லை மகனே. போய் அவிழ்த்தேன், ஓர் இலை எடுத்தேன், சுருட்டிப் பற்றவைத்து அவர் உதட்டில் வைத்தேன். இழுக்க முடியவில்லை. முப்பது வருஷம் ஊதின மனிதருக்கு அந்த ஓர் இழுப்புக்கு மூச்சு இல்லை. நான் பிடித்துக்கொண்டே இருந்தேன், அது தானாக அணைந்துபோயிற்று. போகட்டும் அண்ணி என்றார். பொழுது சாயுமுன் போய்விட்டார்.

நான் அவிழ்த்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பக் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அடக்கம் முடிந்ததும் நானே ஊர் நடுவில் போய்ச் சொன்னேன். சாகக் கிடந்தவனுக்குக் கொடுத்ததற்குப் பன்றியா, போய் வேலையைப் பார் என்றார் பொமாய். நான் மாட்டேன் என்றேன். இன்றைக்கு எனக்கு விட்டால் நாளைக்கு இருமுகிறவன் எல்லாம் ஒன்று சுருட்டித் தா என்பான், கட்டினவள் கொடுத்தால்தான் கட்டுக்கு மரியாதை. வளர்ந்த பன்றி வீட்டில் உன்னுடையது ஒன்றுதான் இருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தது உன் அப்பா. அன்று சாயங்காலம் தோட்டத்துக்குள் போய்ப் புகையிலையை வேரோடு பிடுங்கிப் போட்டார், இப்போது அங்கே கடலை காய்க்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்து நோய் இங்கே ஊர் முழுக்கப் பரவியது. இருமாத வீடு இல்லை. உன் அப்பா ஒன்பது நாள் படுத்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பத்தாம் நாள் எழுந்து கஞ்சியில் உப்பில்லை என்றார், அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. உன் சின்னப்பாவுக்கு அப்புறம் நம் ஊரில் ஒரு குழிகூட வெட்டவில்லை, கீழே மூன்று வீட்டில் வெட்டினார்கள். தடுப்பூசியும் போட்டுக்கொண்டீர்கள், புகையை விட்டதால்தான் பிழைத்தீர்கள் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது என்கிறான் சிமியோன். சொல்லட்டும், படித்த பிள்ளை. புகைத்த நெஞ்சையும் விட்ட நெஞ்சையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

உனக்குப் பேசிவைத்திருக்கிற விட்னேயிடம் பன்றி போனதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, “பன்னி இல்லாட்டிப் போகுது அத்தை, இருமுறவன் மட்டும் வேணாம்” என்றாள். நல்ல பெண், விட்டுவிடாதே. புதுக் குட்டி ஒன்று பிடித்து வந்திருக்கிறேன், நீ வருவதற்குள் வளர்ந்துவிடும். ஆனால் நீ அங்கே பாக்கெட் சிகரெட் பிடிக்கிறாய், புதிதாக வருகிற பையன்களுக்கும் நீட்டுகிறாய் என்று சியூனே வாய் தவறி உளறிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன். அங்கே வந்து தங்கெட் கட்ட எனக்குக் கையும் நீளாது.

கடவுள் உன்னை நோய்நொடி அண்டாமல் வைக்கட்டும், உன் அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே கவுபா. உன் சின்னப்பா கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. நீ அப்படிக் கிடந்து கேட்டாலும் நான் சுருட்டிக் கொடுத்துவிடுவேன். அப்படி ஒரு நாள் என்னைக் கேட்டுவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
மோகியா