பப்பாளியில் விழுந்த வளையம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இன்று காலை பழவண்டிக்காரர் ஒரு பப்பாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். தோலில் சின்னச் சின்ன வளையங்கள், பேனா மூடியை அழுத்தி எடுத்ததுபோல. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "அது ஒண்ணும் செய்யாது சார், நல்லாத்தான் இருக்கும்" என்றார். தின்பவருக்கு ஒன்றும் செய்யாதுதான். பழத்தை வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகு உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. நீ போய் ஐந்து வருடம் ஆகிறது.

பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்சு. அதன்பின் நீ காட்டு வேலைக்குப் போனாய், நான் படித்து முடித்து அதே பள்ளிக்கு அறிவியல் வாத்தியாராகத் திரும்பி வந்தேன். என் நிலத்துக்கு மேற்கே உன் நிலம். நடுவில் ஒரு கிணறு, ஆளுக்குப் பாதி. மழை பொய்த்துத் தண்ணீர் அடியில் கிடந்த வருடங்களில்கூட நமக்குள் முறைத் தகராறு வந்ததில்லை. உனக்கு மூன்று நாள், எனக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை யார் பயிர் வாடுகிறதோ அவருக்கு. நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பல ஞாயிறுகளில் என் வயலுக்கும் நீயே தண்ணீர் கட்டியிருப்பாய்.

பிறகு நான் பப்பாளி வைத்தேன். இடையில் சும்மா கிடக்க வேண்டாமே என்று பூசணியும் ஊன்றினேன். நீ மக்காச்சோளம் போட்டிருந்தாய். ஆடி முடிகிற சமயம் சோளத்தில் களைக்கொல்லி அடித்தாய். இரண்டு மூன்று வாரத்தில் என் பப்பாளிக் குருத்து வெளுத்தது. புதிதாக வந்த இலைகள் விரியாமல் நூல் நூலாகச் சுருங்கின. மேல்காற்றில் களைக்கொல்லி பறந்து வந்து பட்டாலும் பப்பாளி இலை அப்படித்தான் ஆகும் என்று பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வரப்பில் நின்று உன்னைக் கூப்பிட்டேன். உன் மனைவி பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தடா அடிச்ச?"

"களை மருந்துதேன். காத்தில்லாத நேரமாப் பாத்து, விடியமுன்னதேன் அடிச்சேன். அம்புட்டுத் தூரம் எப்படிப் பறக்கும்?"

"என் தோட்டம் தழைக்கிறது உனக்கு வயித்தெரிச்சலா இருக்கோ?"

நீ சுரைக்குடுவையில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுச் சோளத்துக்குள் போய்விட்டாய். உன் மனைவி மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அதோடு விடவில்லை. ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். மந்தைவெளி வேப்பமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு வாத்தியார் சொல்லும்போது இலையைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வரப்பை ஒட்டி எட்டு வரிசை நீ பயிர் வைக்கக் கூடாது, மருந்தும் அடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்கய்யா" என்றாய். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டு உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது யோசித்தால், கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். மருந்து பறந்து வந்திருந்தால் உன் வரப்போரம் இருந்த மரங்கள்தான் முதலில் கெட்டிருக்க வேண்டும். என் தோட்டத்திலோ வெளுப்பு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, கிழக்குக் கோடி வரைக்கும் போனது. புகையிலை இலையைக் கரும்பலகையில் வரைந்து வைரஸ் பாடம் நடத்துகிறவன் நான். பதினைந்து வருடம் நடத்தியிருந்தேன். எதிரே நீ இருந்ததால் வேறு காரணம் தேடவில்லை.

மார்கழியில் காய்களில் வளையம் விழுந்தது. இலையையும் காயையும் பையில் போட்டுக்கொண்டு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். பயிர் நோய் பார்க்கும் அதிகாரி ஒரு பெண். காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலைக்காம்பில் எண்ணெய் பட்டதுபோல இருந்த கீறல்களை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"மருந்து பட்டதுன்னா அடுத்து வர்ற இலை கொஞ்சம் கொஞ்சமாத் தேறும் சார். உங்களோடது தேறுச்சா?"

"இல்ல, மோசமாத்தான் போச்சு."

"காயில வளையமும் வராது. இது வைரஸ் மாதிரி இருக்கு. சோதிச்சுட்டுச் சொல்றேன்."

இலைச்சாற்றைச் சோதனைக்கு அனுப்பினார். கூடவே, அதே சாற்றை வலைக்கூண்டுக்குள் இருந்த நல்ல பப்பாளி நாற்றுகளில் தேய்த்து வைத்தார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினார். நாற்றுகளின் குருத்து வெளுத்திருந்தது. "மருந்து ஒரு செடியில இருந்து இன்னொரு செடிக்குத் தொத்தாது சார், இது தொத்துது. அசுவினிப் பூச்சி சாறு குடிச்சுட்டு அடுத்த செடியில போய் உட்கார்ந்தாப் போதும்" என்றார். சோதனை முடிவும் அதையே சொன்னது. இடையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பூசணி என்றேன். "அதுலயும் இந்த வைரஸ் வரும்" என்றார். மரங்களைக் காப்பாற்ற வழியில்லை, மொத்தமாகப் பிடுங்கிவிட வேண்டும் என்றார்.

உன்னிடம் வந்து சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. இரண்டு முறை வரப்பு வரை வந்து திரும்பிப் போனேன். கடைசியில் கிணற்று மோட்டார் ரூம் வாசலில் நீயே எதிரே வந்துவிட்டாய்.

"மருந்து இல்லடா. வைரஸ்."

"சோளத்துக்கு வருமா?" என்று கேட்டாய்.

"வராது."

"எப்பப் புடுங்குற?"

"நாளைக்கு."

மறுநாள் கடப்பாரையோடு வந்தாய். உன் மனைவி வரவில்லை. மத்தியானம் வரை பிடுங்கினோம். காயோடு சாய்ந்த மரங்களைக் குழியில் இழுத்துப் போட்டோம். கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாய்.

"ஏலே, மருந்துன்னு நெனச்சது தப்பில்ல. பயிரு போனா எவனுக்கும் அப்படித்தேன் தோணும். அந்த வயித்தெரிச்சல்னு சொன்னேல்ல..." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாய். "கூட்டத்துல ஒரு தடவ சொல்லீரு. அது போதும்."

சொல்கிறேன் என்றேன். அப்போது பரீட்சை வந்தது. பிறகு தேர்தல் வேலை. பிறகு ஊரில் கூட்டமே கூடவில்லை. டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டேன். நீ மறுபடி கேட்கவில்லை. பலகாரத் தட்டு மறுபடி போய்வந்தது. தண்ணீர் முறையும் பழையபடி நடந்தது. ஆனால் வரப்பை ஒட்டிய எட்டு வரிசையில் நீ விதை போடவே இல்லை. போடச் சொல்லி நான் சொன்னபோது, "கூட்டத்துல வெச்ச முடிவு" என்று மட்டும் சொன்னாய்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு வைகாசியில், களத்தில் மூட்டை தூக்கும்போது உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

உன் கருமாதிக்கு அந்தப் பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். பப்பாளி போனது வைரஸால், உன் மருந்தால் அல்ல. வயிற்றெரிச்சல் என்று நான் சொன்னது பொய். அந்தக் கூட்டத்தில் உன்னைக் குற்றவாளியாக நிறுத்தியது என் தவறு. சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "என்ன பப்பாளி?" என்று பக்கத்தில் கேட்டார். பாதிப் பேருக்கு அப்படி ஒரு கூட்டம் நடந்ததே நினைவில்லை.

உன் மனைவிக்கு இருந்தது. வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: "நல்லாத்தேன் சொன்னீக அண்ணே. அவரு கேக்கையில சொல்லியிருக்கலாம்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

போன வருடம் பள்ளியில் விடைத்தாள் கட்டு ஒன்று காணாமல் போனது. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அலுவலக உதவியாளரைச் சத்தம் போட்டேன். சாயங்காலம் கட்டு என் பைக்குள்ளேயே இருந்தது. காலையில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ஆசிரியர்கள் யாரும் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவரையும் உள்ளே கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். அவர் சங்கடப்பட்டு, "பரவாயில்ல சார், விடுங்க" என்றார்.

நான் விடவில்லை. முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.