முதல் உதை

ஆகஸ்ட் 9, சனி

கனடாவின் மார்க்கம் நகரில் இன்று எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டப் போட்டி. பிரதம விருந்தினர், இங்கிலாந்தில் பதினைந்து வருடம் பின்கள வீரராக ஆடி ஓய்வுபெற்றவர். மூன்று முறை முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தும் ஆடியவர் என்று ஒலிவாங்கியில் புகழ்ந்தவன் நான்தான். முதல் உதைக்கு அழைத்தபோது, கால் சரியில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"விடுங்கோ அண்ணை, அந்தாளுக்கு ஏலாதாம்," என்றான் செயலாளர் குமார்.

"சும்மா இரடா. எல்லா வருசமும் விருந்தினர் உதைச்சுத்தான் தொடங்கினது. உவருக்கு ஒரு உதை பெரிசே?"

கையைப் பிடித்து இழுத்துப் போனேன். உதைத்தார். முழங்கால் மடங்கி விழுந்தார்.

நாலு பேர் தூக்கிக் காரில் ஏற்றினோம். அந்த வலியிலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், போட்டியைக் குழப்பிவிட்டாராம். நான் அவருடைய தோளில் தட்டி, பரவாயில்லை என்று மன்னித்து அனுப்பினேன்.