அடிவாரத்தில் சொன்ன பொய்

13.9.87, ஞாயிறு

கரியாலூர் அருவிக்குப் போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவராக ஆசைப்பட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனால், இடஒதுக்கீடு கேட்டு ஊர்ப் பக்கத்துச் சாதிக்காரர்கள் பதினேழாம் தேதியிலிருந்து சாலை மறியல் என்று கள்ளக்குறிச்சி முழுக்கச் சுவரெழுத்து. “புதன்கிழம போயிட்டு அன்னிக்கே வந்துடலாம். இன்னா பயம்?” என்றார். ரோட்டில் அவர்கள் கூட்டம் கூடினாலே, சேரி என்று ஒதுக்கிவைத்த எங்கள் காலனியில் கதவைச் சாத்திக்கொள்வோம். அவருக்குத் தெரியாதா?

16.9.87, புதன்

பாறையெல்லாம் பாசி, ஏறாதீங்க என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது. ஐயோ, நான் ஏன் வந்தேன்?

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இருசம்மாள் என்கிற மலைக்காரப் பெண் தன் வீட்டில் படுக்கவைத்து, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டிருக்கிறார். உடம்பு கொதிக்கிறது.

17.9.87, வியாழன்

பஸ் இல்லை. ஜீப் இல்லை. கீழே ரோட்டில் மறியல்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்களாம்.

19.9.87, சனி

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்.

நேற்று இருசம்மாளின் புருஷன் இருசப்பனும் இன்னும் மூன்று பேரும் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு சுமந்து மலையிறங்கினார்கள். எங்கேயோ காலனியைக் கொளுத்திவிட்டதாக வழியில் ஒருவர் சொன்னார். அடிவாரத்தில் ரோடு நெடுக வெட்டிய புளியமரங்கள். அரிவாளும் ரம்பமுமாக ஐம்பது அறுபது பேர்.

“எந்த ஊரு?”

“கள்ளக்குறிச்சி.”

“ஊர்ப் பக்கமா, காலனியா?”

கேட்டவனுக்கு இருபது வயதிருக்கும். மற்றவர்கள் பாவாடை என்று கூப்பிட்டார்கள். அவன் கையில் அரிவாள். கட்டிலில் அவர் நினைவில்லாமல் கிடக்கிறார்.

“ஊர்ப் பக்கம்” என்றேன்.

“டேய், அக்காவுக்கு வழி வுடுங்கடா!” அரிவாளைப் போட்டுவிட்டு அவனே கட்டிலுக்குத் தோள் கொடுத்தான். பதினோரு மரம். ஒவ்வொன்றின்மேலும் கட்டில் சாயாமல் ஏற்றி இறக்கினார்கள். அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டியும் பிடித்துக் கொடுத்தான். “அழுவாதக்கா. மறியல் முடிஞ்சதும் மாமாவ வந்து பாக்கறேன்.”

வந்து பார்ப்பானாம்!

20.9.87, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. காலை எடுக்க வேண்டியதில்லை.

22.9.87, செவ்வாய்

செருப்புச் சத்தம் கேட்டாலே அவனோ என்றிருக்கிறது. கட்டில் அட்டையில் எங்கள் காலனி விலாசம் இருக்கிறது. திருப்பி வைக்கிறேன், நர்ஸம்மா வந்து நேராக்கிவிடுகிறார். என்ன சொல்லித் தப்பித்து வந்தேன் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பார்?

26.9.87, சனி

பாவாடை வந்தான். எண்ணெய் வைத்துத் தலைவாரி, பையில் சாத்துக்குடியோடு. “இன்னாக்கா, மாமா எப்டி கீறாரு?”

இத்தனை நாள் யோசித்து வைத்த பொய் எதுவும் வாயில் வரவில்லை. “பாவாடை, நாங்க காலனி” என்றேன்.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் முகம் சுருங்கியது. “அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருந்தா தூக்கியிருப்பியா?”

சாத்துக்குடிப் பையைக் கைமாற்றிப் பிடித்தான். நான் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தலைகுனிந்தவன் அவன்தான்.